கோகிலவாணி பேரில் ஒரு ரிப்போர்ட்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி, லேப்புக்கு டெஸ்ட் மருந்து சப்ளை பண்ற கம்பெனிக்காரர் ஜனவரியில குடுத்தது. அஞ்சு மாசமா மிக்ஸிக்கு அடியில கிடந்துச்சு. கோயமுத்தூர் டாக்டர் ஸ்ரீவத்சன், "மாத்திரை போடற நேரத்தைத் தினமும் எழுதி வைங்கம்மா, உடம்பு எப்படி இருக்குன்னும் ரெண்டு வரி எழுதுங்க"ன்னாரு. சரின்னு தூசி தட்டி எடுத்துட்டேன். ஆரம்பிச்சா நான் ரெண்டு வரியில நிறுத்தற ஆளில்லைன்னு அவருக்குத் தெரியாது, பாவம்.

மாத்திரை காலையில 5.30. ஒரு மணி நேரம் காப்பி கூடாதாம். அந்த ஒரு மணி நேரமும் வீட்டுல யாரு என்ன கேட்டாலும் எரிஞ்சு விழறேன்.

நான் கருணாம்பிகை, வயசு நாப்பத்தாறு. அவிநாசியில ஒரு லேப்புல இருபது வருஷமா ரத்தம் எடுக்கறேன். ஊருல பாதிப் பேரோட கை நரம்பு எனக்கு மனப்பாடம். மூஞ்சி மறந்துரும், நரம்பு மறக்காது. நாலு மாசமா எனக்கே உடம்பு கனம், எந்நேரமும் தூக்கம், தொண்டையில என்னமோ சிக்கின மாதிரி. போன மாசம் ரப்பரைப் பல்லுல கடிச்சு இழுத்துக் கட்டி, என் ரத்தத்தை நானே எடுத்து மெஷின்ல விட்டேன். டிஎஸ்எச் பதினாலு, நாலரைக்குள்ள இருக்கணும். தைராய்டை எதிர்க்கற ஆன்டி டிபிஓ ஆயிரத்தைத் தாண்டிருச்சு. இது ஹாஷிமோட்டோன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பே தன் தைராய்டைப் பகையாளின்னு நெனச்சு அடிக்கிற வியாதி.

ரிஜிஸ்டர்ல என் பேரைப் போடலை. ரிசப்ஷன்ல இருக்கற சாந்தாமணிக்குக் காங்கேயத்துல சொந்தம். எம் புள்ள மிருதுளாவுக்கு அந்தக் காங்கேயத்துல இருந்துதான் ஒரு வரன் வந்திருக்குது. ஆடி பொறக்கறதுக்குள்ள நிச்சயம் பண்ணிரலாம்னு பேச்சு. அம்மாக்காரிக்குத் தைராய்டுன்னா, புள்ளைக்கும் வரும், புள்ளைக்கு வந்தா கொழந்தை தங்காதுன்னு அவங்களே ஒரு கணக்குப் போட்டுருவாங்க. அதனால கம்ப்யூட்டர்ல பழைய பேஷண்ட் ஒருத்தர் பேரை எடுத்து அதுல சேத்திட்டேன். கோகிலவாணி. எட்டு வருஷமா இந்தப் பக்கமே வராதவங்க. கைக்கு வந்த பேரு, போட்டேன். ரத்த ரிப்போர்ட்டுக்கு ஓகே குடுக்கறது நான்தான், அது வெளிய போகாது. டாக்டருக்கு டெஸ்ட் அளவை மட்டும் துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டுபோனேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 4, செவ்வாய்

5.30. இட்லிக்கு மாவு புளிச்சுப் போச்சு.

ஜூன் 7, வெள்ளி

5.40. பத்து நிமிஷம் லேட்டு.

மிருதுளா தலை சீவின சீப்பைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டறா. "பாரும்மா, கொத்துக் கொத்தா வருது." திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை, தினம் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டறா. ஹெல்மெட் போட்டா முடி கொட்டாதா? வேர்வையில வேர் அழுகிரும். வெந்தயம் அரைச்சு வெச்சிருக்கேன், தேய்ச்சுக்கடின்னேன். வீட்டுக்கு வந்தா சோபாவுல விழுந்து தூங்கிப் போடறா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு போனைப் பாத்தே அசதி.

ஜூன் 10, திங்கள்

5.30.

லீவு போட்டுட்டு கோயமுத்தூர் போய் கழுத்து ஸ்கேன் எடுத்தேன். வீட்டுல, லேப்புக்கு டிரெயினிங்னு சொல்லியிருக்கேன். ஸ்கேன் பண்ணின டாக்டரம்மா சின்னப் புள்ளதான். ஜெல்லைப் போட்டுத் தேய்ச்சுட்டே நர்ஸோட பேசிட்டு இருந்தது, திடீர்னு பேச்சை நிறுத்திருச்சு. எனக்குத் தெரியாதா அது? ஸ்லைடுல தப்பா எதையாவது பாத்தா நானும் அப்படித்தான் வாயை மூடுவேன்.

"சுரப்பி முழுக்கவே வீங்கிக் கரடுமுரடா இருக்கு, அது உங்களுக்கு இருக்கற வியாதியால. இடப் பக்கம் ஒரு கட்டி தனியா தெரியுது. ஒண்ணே கால் சென்டிமீட்டர் இருக்கும். பயப்படாதீங்க, ஊசி போட்டுச் செல்லை எடுத்துப் பாத்துரலாம்."

பயப்படாதீங்கன்னு சொல்றவங்க முதல்ல மூஞ்சியைச் சரியா வெச்சுக்கணும்.

ஸ்கேன் படத்தை அரிசி டின்னுல, அரிசிக்கு அடியில வெச்சுட்டேன்.

ஜூன் 12, புதன்

மாத்திரை போட்டேனா இல்லையான்னு ஞாபகமில்லை. போட்டிருப்பேன்.

லேப்புல சாப்பாட்டு நேரத்துல போன்ல தேடித் தேடிப் படிச்சேன். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். ஒரு இடத்துல, ஹாஷிமோட்டோ இருக்கறவங்களுக்குத் தைராய்டு கேன்சர் அதிகமா வருதுங்கறான். அடுத்ததுல, ஆபரேஷன் பண்ணினவங்களை மட்டும் எண்ணிப் பாத்ததால அப்படித் தெரியுது, ஊசி போட்டவங்களை எல்லாம் எண்ணினா அவ்வளவு இல்லைங்கறான். மூணாவது ஆளு, ரெண்டும் சேந்து இருந்தா கேன்சர் அவ்வளவா பரவறதில்லை, சுரப்பியை அடிக்கிற அதே செல்லுங்கதான் அதையும் அமுக்கி வெக்கிதுன்னு எழுதியிருக்கான். நாலாவது ஆளு, இவங்க சும்மா சும்மா ஸ்கேன் எடுக்கறாங்க, அதனாலதான் கண்ணுல படுதுன்னு முடிச்சுட்டான்.

ஏனப்பா, ஒரே போலீஸ்காரன் வீட்டையும் இடிக்கிறான், திருடனையும் பிடிக்கிறானா? அப்ப நான் அவனைத் திட்டறதா, கும்பிடறதா?

இருபது வருஷமா ஒவ்வொரு ரிப்போர்ட்டுலயும் வலப் பக்கம் நார்மல் அளவுன்னு ஒண்ணு அச்சடிச்சுக் குடுத்திருக்கேன். அதுக்குள்ள இருந்தா நிம்மதி, வெளிய இருந்தா வைத்தியம். இதுக்கு அப்படி ஒரு வரியை எவனும் எழுதி வெக்கலை.

ஜூன் 15, சனி

5.30.

இன்னைக்கு ஊசி. கோயமுத்தூர்லயே போட்டுக்கலாம், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கூட ஆளுன்னா வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவங்க அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா அவிநாசிக்கே தெரியும். அதனால எங்க லேப்புக்குச் சனிக்கிழமை வர்ற, ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் குடுக்கற டாக்டர் பிலோமினா மேடத்துக்கிட்டயே கழுத்தை நீட்டிட்டேன். பேரு வேண்டாம் மேடம்னேன். "எனக்கு ஸ்லைடு நம்பர் போதும், ரிஜிஸ்டர் உன் தலைவலி"ன்னுட்டு ஊசியை எடுத்தாங்க.

மூணு தடவை ஏத்தினாங்க. விழுங்காதே விழுங்காதேன்னாங்க. விழுங்கக் கூடாதுன்னு சொன்னதும்தான் எச்சில் ஊறுது. இத்தனை வருஷம் எத்தனை பேரைப் பாத்து "எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்"னு சொல்லியிருப்பேன்! எந்த எறும்பு இப்படிக் கடிக்குது?

ரிஜிஸ்டர்ல ரத்தம் எந்தப் பேர்ல இருந்துச்சோ அதே பேர்ல சேத்தேன். கோகிலவாணி, வயசு 32. கம்ப்யூட்டர் வயசைத் தானாப் போட்டுக்குச்சு.

ஜூன் 16, ஞாயிறு

காங்கேயத்துக்காரங்க வந்தாங்க. எண்ணெய் மில் வெச்சிருக்கற குடும்பம், மரியாதையான ஆளுங்க. பையன் கதிர்வேல் கூச்சப்பட்டு நாலு வார்த்தைதான் பேசினான். கழுத்துல ஊசி போட்ட இடம் நீலம் பூத்திருக்கு, நான் சேலையை இழுத்து இழுத்து மூடிட்டே இருந்தேன். பையனோட அம்மா ஜிலேபியைப் பிட்டுட்டே, சும்மா கேக்கற மாதிரி கேட்டாங்க.

"ஏனுங்க, வீட்டுல யாருக்காச்சும் சுகரு, தைராய்டுன்னு ஏதாவது இருக்குதுங்களா? இப்பல்லாம் எல்லாருக்கும் இருக்குதேன்னு கேட்டேனுங்க."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" அப்படின்னேன். குரல் நல்லாவே வந்துச்சு.

வீட்டுக்காரர் மோகனசுந்தரமும் சேந்து தலையாட்டினாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது, நெசம்னு நம்பித்தான் ஆட்டினாரு. மிருதுளா மட்டும் என்னையே பாத்தா. ஆனி மாசத்துலயும் முழுக்கை ரவிக்கை போட்டுட்டு, ஃபேனை நிறுத்தும்மா குளிருதுன்னா. வந்தவங்க வேர்வையைத் துடைச்சுட்டு உக்காந்திருக்காங்க, இவளுக்குக் குளிருதாம்.

ஜூன் 19, புதன்

5.30.

ரிப்போர்ட் வந்துருச்சு. மூணாம் வகை. மொத்தம் ஆறு வகை, ஆறாவது கேன்சர். மூணுன்னா, செல்லுங்க கொஞ்சம் மாறி இருக்கு, கேன்சர்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. ஹாஷிமோட்டோ இருக்கறதால செல்லுங்க அடிபட்டுக் கோணிக் கிடக்கு, குழப்பம் அதனாலயும் இருக்கலாம்னு மேடம் கீழ எழுதியிருக்காங்க. ஊசி போட்டும் தெரியலைன்னா வேற எப்படித்தான் தெரியும்?

அதைப் படிச்சுட்டு இருக்கையிலதான் ஓரத்துல பச்சைக் கலர்ல ஒரு வரியைப் பாத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டது. மேடம் அவங்க லேப்டாப்புல ஓகே குடுத்தா, பேஷண்ட் நம்பருக்குத் தானாப் போயிரும். ரத்தத்துக்கு நான் ஓகே குடுக்கறதால அனுப்பறதை நிறுத்திட்டேன். இது மேடம் குடுக்கறதுங்கறது எனக்கு ஞாபகத்துக்கே வரலை. இருபது வருஷ சர்வீஸ்!

எட்டு வருஷத்துல நம்பரை மாத்தியிருப்பாங்க. எல்லாரும் மாத்தறாங்க.

ஜூன் 20, வியாழன்

நம்பர் மாத்தலை.

பதினொரு மணிக்குச் சாந்தாமணி போனைக் கையில பொத்திட்டு, "கருணாக்கா, கோகிலவாணின்னு ஒருத்தங்க. என்னமோ கேன்சர்ங்கறாங்க, அழுவறாங்க"ன்னா. லைன் சரியா கேக்கலைன்னு சொல்லி வெச்சுருன்னேன். மறுபடி அடிச்சாங்க. லேப் ஓனர் சார் இல்லைன்னு சொல்லச் சொன்னேன். மறுபடி அடிச்சாங்க.

குழம்புல உப்புப் போட மறந்துட்டேன். வீட்டுக்காரர் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு எந்திரிச்சாரு.

ஜூன் 22, சனி

கோகிலவாணி நேர்லயே வந்துட்டா. ஊத்துக்குளியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கா. ஒல்லியா, கண்ணாடி போட்டு, கையில பள்ளிக்கூடத்துப் பையோட. டீச்சரா இருக்காளாம். சாந்தாமணி சாப்பிடப் போயிருந்தா, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

"மேடம், எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க ரத்தம் குடுத்தேன். அதை வெச்சிருந்து இப்ப பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. படிச்ச புள்ள, டீச்சரு. பயம் வந்தா படிப்பு எங்க நிக்குது?

"எனக்கும் தைராய்டு இருக்குதுங்க மேடம், அதே ஹாஷிமோட்டோதான். அதனால இருக்குமோன்னு... ரெண்டு நாளா அம்மாகிட்டக்கூடச் சொல்லலை. அம்மாவுக்கு நான் மட்டுந்தான்." பையைப் பிடிச்சிருந்த கையைப் பாத்தேன். அந்த நரம்பு எனக்குத் தெரியும், வலக் கையில மேலாப்புல ஓடற நரம்பு.

"இது உங்களுது இல்லைங்க அம்மிணி. பேரு மாறிப்போச்சு. தப்பு எங்களுதுதான். உங்களுக்கு ஒண்ணும் இல்லை"ன்னேன்.

அவ அப்படியே பெஞ்சுல உக்காந்து, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. நான் தண்ணி குடுத்தேன். குடிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சவ, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்டா.

"அப்ப இது யாருதோ அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா மேடம்? பாவம், அவங்க ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுட்டு இருப்பாங்க."

அவங்களுக்குத் தெரியுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

5.30. 5.30. 5.30. மூணு நாளா இதை மட்டுந்தான் ஒழுங்காப் பண்றேன்.

கைக்கு வந்த பேருன்னு முதல் நாள் எழுதினேன். திருப்பிப் படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு. நானே எழுதி நானே படிக்கிற டைரியிலயும் பொய்யா?

எங்க பக்கம் இது ஊருக்கே தெரிஞ்ச வழக்கம், ஆனா வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. ஜாதகம் பொருந்தினா அடுத்து லேப்புக்குப் போன் வரும். மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பனோ மாமனோ ரகசியமா விசாரிப்பாங்க. இந்தப் பேருல புள்ள ஒண்ணு வந்து டெஸ்ட் எடுத்துச்சுங்களா, எப்படிங்க இருக்குது? எட்டு வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒருத்தர் கோகிலவாணியைக் கேட்டு அடிச்சாரு. அப்ப அவளுக்கு இருபத்திநாலு, இப்ப மிருதுளாவுக்கு இருக்கற வயசு. நான் சொன்னேன். "தைராய்டு இருக்குதுங்க. வாழ்நாள் பூரா மாத்திரை போடணும்" அப்படின்னேன். நல்ல மனுசர், ரொம்ப நன்றிங்கன்னு சொல்லிட்டு வெச்சாரு. அந்தக் கல்யாணம் நின்னு போச்சு.

பேப்பர்ல இருந்ததைத்தானே சொன்னேன்? இல்லாததையா சொன்னேன்? இதை எனக்கு நானே எட்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். பேரு தேடறப்ப ஆயிரம் பேரு இருந்துச்சு. அவ பேர்ல போய் ஏன் கை நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னுதான் எழுத முடியுது.

ஜூன் 27, வியாழன்

5.30.

ஸ்ரீவத்சன் டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில வாங்கி, என்னைப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு.

"கோகிலவாணி, முப்பத்திரண்டு. இது யாரும்மா?"

"நான்தானுங்க."

"நீங்க கருணாம்பிகை. நாப்பத்தாறு."

சொன்னேன், புள்ளைக்கு வரன் பாக்கறோம், அதனாலன்னு. அவரு திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நாளைக்கு ஆபரேஷன்னு ஆனா நான் யாரு கழுத்தை வெட்டச் சொல்றதும்மா? இந்தப் பேப்பரை நான் வெச்சுக்க முடியாது. எப்படியும் மூணாம் வகைக்கு மறுபடி போட்டுப் பாக்கறதுதான் வழக்கம். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், உங்க பேர்ல போட்டுட்டு வாங்க."

"ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுங்களா டாக்டர்? அதை மட்டும் சொல்லிருங்க."

"ரெண்டுக்கும் தொடர்பு இருக்கற மாதிரி பல ஆராய்ச்சி சொல்லுது. எது எதைக் கொண்டுவருதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியலை. ஹாஷிமோட்டோ இருக்கறவங்கள்ல பெரும்பாலான பேருக்குக் கேன்சர் வர்றதே இல்லை. உங்களுக்கு அதுதான் இதுன்னும் இன்னும் தெரியாது." அப்புறம் பேனாவை மூடிட்டு, "புள்ளைக்குப் பாத்தீங்களா? இது குடும்பத்துல ஓடும்மா. அசதி, முடி கொட்டறது, குளிருறதுன்னு ஏதாவது இருக்கா?"

இல்லைங்கன்னேன்.

பஸ்ல வர்றப்ப கருமத்தம்பட்டி தாண்டினதுமே அழ ஆரம்பிச்சுட்டேன். பக்கத்துல இருந்த அம்மா, யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டுச்சு.

ஜூலை 1, திங்கள்

அரிசி டின்னு காலியாயிருச்சு. இதை எப்படி மறந்தேன்? மிருதுளா அரிசி எடுக்கப் போயி ஸ்கேன் படத்தோட வந்து நின்னா.

"என்னம்மா இது?"

பழைய பேஷண்ட்டுதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இதுல என் பேரு போட்டிருக்கே. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், கோகிலவாணி சங்கதி வரைக்கும். வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிட்டு நின்னவ, பையை இறக்கி வெச்சுட்டா.

"எனக்கு முடி கொட்டுது கொட்டுதுன்னு மூணு மாசமாக் கத்தறேன். ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்கறே. எனக்கு வெந்தயத்தை அரைச்சுக் குடுத்தே!"

"பயமா இருந்துச்சு கண்ணு."

"எனக்கு வந்துருக்குமோன்னா, கல்யாணம் நின்னுருமோன்னா?"

ரெண்டும்னு சொல்லியிருக்கணும். எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியலை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து பக்கத்துல உக்காந்தா. "மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டா, அங்க போய் நான் எந்த அரிசி டின்னுல மாத்திரையை ஒளிச்சு வெக்கறது? கேட்டாங்கன்னா சொல்லிரும்மா. எனக்கு ரத்தத்தை எடு."

எடுத்தேன். முதல் குத்துல நரம்பைத் தவற விட்டுட்டேன். இருபது வருஷத்துல இது எத்தனாவது தடவைன்னு விரல் விட்டுச் சொல்லிரலாம். டியூப்ல அவ பேரை முழுசா எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். கேட்டுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு. அக்கா வீட்டுக்குத்தான் போறாருன்னு நெனச்சேன். அவரோட மோட்டார் காயில் கட்டற கடையில போய்த் தனியா உக்காந்திருந்தாராம்.

ஜூலை 3, புதன்

மிருதுளாவுக்கு டிஎஸ்எச் பதினொண்ணு. ஆன்டி டிபிஓவும் இருக்கு.

லீவு சொல்லிட்டு ஊத்துக்குளிக்குப் போனேன். கோகிலவாணி பள்ளிக்கூடத்துல இருந்து அப்பத்தான் வந்திருந்தா. அவங்கம்மா, வாங்க வாங்கன்னு காப்பி போட உள்ள போனாங்க.

அந்த ரிப்போர்ட் என்னோடதுன்னு சொன்னேன். அவ அதிர்ந்து போய், "உங்களுக்கா மேடம்? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. என்ன சொல்றாங்க டாக்டர்?"னு என் கையைப் பிடிச்சா. அந்தக் கையை வெச்சுட்டே மிச்சத்தையும் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த போனை.

கையை எடுத்துட்டா.

"ஜாதகம் சேரலைன்னுதான் சொன்னாங்க" அப்படின்னா. "ராகு கேது சரியில்லைன்னாங்க. அப்பா கோயில் கோயிலாக் கூட்டிட்டு அலைஞ்சாரு. ஒவ்வொரு வரனா வந்து வந்து போச்சு. இந்தப் புள்ள பொறந்த நேரம்தான் இப்படின்னு சொல்லிச் சொல்லியே போன வருஷம் செத்தாரு. நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

உள்ள காப்பி ஆத்தற சத்தம். தப்புப் பண்ணிட்டேன் அம்மிணின்னேன். அவ பரவாயில்லைன்னு சொல்லலை. ஏன் சொல்லணும்?

காப்பியை வெச்சுட்டு அவங்கம்மா போனதுக்கப்புறம், "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லாதீங்க"ன்னா. நான் எந்திரிச்சேன். செருப்பை மாட்டறப்ப பின்னாடி இருந்து கேட்டா.

"மறுபடி ஊசி போடறப்ப எந்தப் பேர்ல போடுவீங்க?"

காப்பி குடிக்காமயே வந்துட்டேன்.

ஜூலை 4, வியாழன்

5.30-க்குக் கண்ணு முழிச்சா வீட்டுக்காரர் டம்ளர்ல தண்ணியும் கையில மாத்திரையுமா நிக்கறாரு. மூணு நாளாப் பேசாத மனுசர். "போடு"ன்னாரு. போட்டேன். "அக்காகிட்டச் சொல்லலை"ன்னாரு.

ஜூலை 8, திங்கள்

சாந்தாமணிக்குக் காச்சல், வரலை. போனையும் நானே எடுத்தேன். பத்தரை மணிக்கு ஒரு பெரியவர் குரல், ரொம்பப் பணிவு.

"லேப்புங்களா? காங்கேயத்துல இருந்து பேசறேனுங்க. உங்க லேப்புல ஒரு அம்மா வேலை பாக்கறாங்களாமா, அவங்க புள்ளைக்கு எங்க அண்ணன் பையனைப் பேசியிருக்குதுங்க. வெளிய போகாதுங்க... வீட்டுல ஏதாவது நோவு கீவு இருக்குதுங்களா?"

ரிசீவர் வழுக்குது, அவ்வளவு வேர்வை. இல்லைங்கன்னா முடிஞ்சுது. ஒரே ஒரு சொல்லு. ஆடிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்குது, நிச்சயமே ஆயிரும்.

"நான்தானுங்க அந்த அம்மா பேசறேன்" அப்படின்னேன். "எனக்குத் தைராய்டு இருக்குதுங்க. கழுத்துல ஒரு கட்டியும் இருக்குது. கேன்சரா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், இன்னும் தெரியலைங்க. அன்னைக்குப் பையனோட அம்மாகிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன், அது தப்புதானுங்க."

"சரிங்... சரிங்க" அப்படின்னாரு. "புள்ளைக்கு?"

"என்னோடதை நான் சொல்லிட்டேனுங்க. எம் புள்ளையோடதை எம் புள்ளைகிட்டத்தான் கேக்கணும். அவ நம்பர் பையன்கிட்ட இருக்குது, கேட்டா அவளே சொல்லுவா. லேப்புக்குப் போன் பண்ணிக் கேக்கக் கூடாதுங்க. கேட்டாலும் நாங்க சொல்லக் கூடாதுங்க."

ஆடி கழியட்டும், பேசிட்டுச் சொல்றோம்ங்கன்னு வெச்சுட்டாரு. வரிசையில நின்ன ஆறு பேரும் என்னைப் பாத்துட்டு இருந்தாங்க. அடுத்தது யாருங்கன்னேன். கையை நீட்டினாங்க.

ஜூலை 11, வியாழன்

5.30. இப்ப ரெண்டு டம்ளர். மிருதுளாவுக்கும் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. காப்பிக்குக் காத்துட்டு ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழறோம்.

கதிர்வேல் போன் பண்ணினான். மாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசிட்டு வந்தா. என்ன சொன்னான்னு கேக்க நாக்கு துடிச்சுது. கேக்கலை. நானாவது, கேக்காம இருக்கறதாவது!

ஜூலை 13, சனி

மறுபடி ஊசி. வீட்டுக்காரர் கூடவே வந்து என் செருப்பைக் கையில வெச்சுட்டு நின்னாரு, ஏன்னு அவருக்கும் தெரியலை. புதுப் பேஷண்ட்னு அமுக்கி, பேரு, வயசு, என் நம்பர், எல்லாத்தையும் சாந்தாமணியையே அடிக்கச் சொன்னேன். அவ கண்ணு விரிஞ்சு போச்சு. "காங்கேயத்துக்குச் சொல்லணும்னா சொல்லிக்க, அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்"னேன். "ஏக்கா, என்னைப் போய் அப்படி நெனச்சுட்டீங்களே"ன்னு அழுதுருச்சு. எனக்கு இதுவும் வேணும்.

கோகிலவாணி கணக்குல இருந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் சார்கிட்ட நடந்ததைச் சொல்லி எடுக்க வெச்சேன். சார் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எழுத்துல மன்னிப்புக் கேட்டுக் குடுக்கணும், இனிமே ரிஜிஸ்டரை நான் தொடக் கூடாது. சரிங்கன்னேன். அவளுக்கும் ஒரு மெசேஜ் போட்டேன், உங்க பேர்ல இருந்ததை எடுத்தாச்சு, இன்னைக்கு என் பேர்லயே ஊசி போட்டாச்சுன்னு. படிச்சதுக்கு நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்லை.

ஜூலை 17, புதன். ஆடி ஒண்ணு

5.30.

பதினொண்ணேகாலுக்குப் போன் சிணுங்குச்சு. முதல்ல பேரைப் படிச்சேன். கருணாம்பிகை, 46. ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் கீழ இருந்த முடிவைப் பாத்தேன். அஞ்சாம் வகை. பாப்பில்லரிங்கற தைராய்டு கேன்சரா இருக்கும்னு பலமாச் சந்தேகம்.

ஸ்ரீவத்சன் டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாரு. மெதுவா வளர்றது, பெரும்பாலும் நல்லபடியா குணமாகறது, ஆபரேஷன் டாக்டர்கிட்ட அடுத்த வாரமே தேதி வாங்கிரலாம்னாரு. ஆடியிலயாங்கன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். "ஆடியிலதாம்மா தியேட்டர் காலியா இருக்கும்"னு சிரிச்சாரு.

ஹாஷிமோட்டோதான் இதைக் கொண்டுவந்துச்சா, இல்லை அதனாலதான் இது இத்தனை நாள் அடங்கிக் கிடந்துச்சா, இல்லை நான் போய்த் தேடினதால கண்ணுல பட்டுச்சான்னு மறுபடி கேட்டேன். தெரியாதும்மான்னாரு மறுபடி. சரி, தெரியாததோடவே போய் ஆபரேஷன் மேஜையில படுத்துக்கறேன்.

பயமாத்தான் இருக்கு.

மிருதுளாவுக்குப் போன் பண்ணிட்டு வெச்சேன், அவ வந்துட்டே இருக்கா. அப்ப இன்னொரு மெசேஜ் வந்துச்சு. கோகிலவாணி நம்பர். நாலு நாள் கழிச்சு, வணக்கமும் இல்லை ஒண்ணும் இல்லை, ஒரே வரி.

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துருச்சு அம்மிணி. என்னோடதுதான்"னு பதில் போட்டேன்.